மேசைமேல் வைத்த ரப்பர்த் துண்டுகள்

"உங்க வீட்டுக்கு ஆசீர்வாதம் வரும் பிள்ளே, ஆனா நிக்காது. எங்கயோ ஒரு ஓட்ட இருக்கு" என்று அப்பாவின் கம்பெனி சூப்பர்வைசர் வீட்டு ஆன்ட்டி என்னிடம் சொன்னபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கையில் அவர் கொடுத்தனுப்பிய குழம்புத் தூக்கு. சூடு பொறுக்காமல் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தபடி, அந்த ஓட்டை எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் ஓட்டை இருந்தது கூரையில்தான். மழைக்காலத்தில் அதற்கு நேர் கீழே ஒரு சட்டி வைப்போம்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வலது கையில் சுற்றியிருந்த கட்டு பெரிய துணிப்பந்து போல இருந்தது. அதற்குள் மூன்று விரல்கள் இல்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கட்டின் அளவைப் பார்த்தால் நம்ப முடியவில்லை.

அப்போது நாங்கள் மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அதற்கு முன்னால் கெலவரப்பள்ளி அணைப்பக்கத்துக் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்த குடும்பம். ஓசூரில் கம்பெனிகள் வரவர, அப்பா ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். தகட்டை அச்சில் வைத்து அடித்து வண்டிகளுக்குப் பாகம் செய்கிற இடம். அம்மா விடியற்காலையில் ரோஜாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போவாள். நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.

நான் பிறந்தபோது அம்மா பிழைக்க மாட்டாள் என்றிருந்ததாம். சபைக்காரர்கள் வந்து ஜெபித்துப் பிழைத்ததிலிருந்து நாங்கள் சபைக்குப் போனோம். தகரக் கொட்டகைதான் சபை. வேலை தேடி வந்த திருநெல்வேலி, நாகர்கோவில் ஆட்கள் முன்வரிசையில் இருப்பார்கள். உள்ளூர்க்காரர்களான நாங்கள் கொஞ்சம் பேர் பின்னால். அம்மா ஜெபிப்பது தமிழில், திட்டுவது தெலுங்கில். இரண்டும் ஒரே மூச்சில் வரும் நாட்களும் உண்டு. வீட்டில் வேதத்தை வாசிக்கத் தெரிந்தவள் நான் மட்டும் என்பதால், தினமும் சாப்பாட்டுக்கு முன் நான்தான் வாசிப்பேன். ஆசீர்வாதங்களை வரிசையாகச் சொல்கிற பகுதிதான் அம்மாவுக்குப் பிடிக்கும். வயலுக்கு, மாட்டுக்கு, கூடைக்கு, மாவு பிசைகிற பாத்திரத்துக்குக்கூட ஆசீர்வாதம் கிடைக்கும் என்று அதில் வரும். எங்களிடம் வயலும் மாடும் இல்லை. அம்மாவிடம் பூக்கூடை இருந்தது. கூடை என்று வரும் இடத்தில் மட்டும் அவள் "ஆமென்" என்பாள்.

எங்கள் சபையில் வருடக் கடைசியில் ஸ்தோத்திர ஞாயிறு என்று ஒன்று உண்டு. அந்த வருடம் கர்த்தர் யாருக்கு என்ன கொடுத்தாரோ அதைக் கொண்டுவந்து முன்னால் இருக்கும் மேசையில் வைக்க வேண்டும். வேலை ஆர்டர், வீட்டு பிளான், ஸ்கூட்டர் சாவி, கேஸ் கனெக்ஷன் புத்தகம். பாஸ்டர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இந்தக் குடும்பத்தைக் கர்த்தர் ஆசீர்வதித்தார்" என்பார். சபை அல்லேலூயா சொல்லும். பின்வரிசையிலிருந்து பொருட்கள் அதிகம் போனதில்லை.

ஒரு வருடம் எங்கள் பொருளும் போனது. அந்த வருடம் கம்பெனியிலேயே அதிகப் பீஸ் அடித்தவர் அப்பா. முதலாளி ஒரு எவர்சில்வர் குடம் பரிசாகக் கொடுத்தார். கழுத்தில் அப்பா பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அதை நான்தான் எழுத்துக்கூட்டி எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பாஸ்டர் குடத்தைத் தூக்கியதும் கூரை வெளிச்சம் அதில் பட்டு முன்வரிசைக்காரர்கள் கண்ணைச் சுருக்கினார்கள். அம்மா அன்றைக்கு முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். முதல் ஆளாக வந்து கை குலுக்கியவர் சூப்பர்வைசர். அப்பாவை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

அடுத்த மழைக்காலத்தில்தான் விரல்கள் போயின.

ஆன்ட்டியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் எங்கள் வீட்டு அடுப்பு அவர் தயவில்தான் ஓய்வெடுத்தது. அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே அழுதவர். அந்த அழுகை ஓய்ந்ததும்தான், "வீட்டுக்குள்ள நல்லாத் தேடிப் பாரு. மறைவா ஏதாவது இருக்கும். சும்மா ஒண்ணும் நடக்காது கேட்டியா" என்று சொன்னார்.

அம்மா தேடினாள். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்னப் பித்தளைச் சாமி விளக்கு ஒன்று அரிசிப் பானைக்குள் துணியில் சுற்றி இருந்தது. ஏற்றுவதில்லை. ஆனாலும் வைத்திருந்தாள். அதை எடுத்துப்போய் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. உபவாசம் என்றாள். எனக்கு அது உபவாசம் மாதிரித் தெரியவில்லை.

பிறகு அப்பாவிடம் கேட்டாள்.

"நீ ஏதாச்சும் மறச்சிருந்தா சொல்லிடு. கர்த்தர் மன்னிச்சிருவாரு."

அப்பா கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "மிஷினுக்கு என் பாவம் எப்பிடி மே தெரியும்? அதுக்கு ரெண்டு பட்டன்தான் தெரியும்."

அந்த வாரம் நான் வாசிக்கிற பக்கத்தில் வேறொரு வரிசை வந்தது. எளியவர்களையும் அழுகிறவர்களையும் பசியாயிருக்கிறவர்களையும் பாக்கியவான்கள் என்று அதில் போட்டிருந்தது. அச்சடித்தவர்கள் வரியை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இருக்கிற நிலையில் அம்மா இதைக் கேட்டால் வருத்தப்படுவாள் என்று, அந்தப் பக்கத்தை அப்படியே தாண்டி அடுத்த அதிகாரத்துக்குப் போனேன். படித்தவள் என்ற பொறுப்பு எனக்கு இருந்தது.

கை ஆறியதும் முதலாளி அப்பாவைக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்காரவைத்தார். பள்ளி விடுமுறை நாட்களில் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவது நான். அப்படிப் போன ஒரு நாள், ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அப்பா கேட்டை விட்டுவிட்டு உள்ளே போவதைப் பார்த்தேன். இடது கையில் சின்னக் கத்தி. ஒவ்வொரு பிரஸ்ஸாகக் குனிந்து எதையோ அறுத்தார்.

அந்த மிஷினில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் ஒன்றாக அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். அப்போது கைகள் பட்டன்மேல்தான் இருக்கும், அச்சுக்குள் இருக்காது. ஆனால் அப்படிச் செய்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். அதனால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு பட்டனை அமுங்கினபடியே இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஒரு கை இன்னொரு பட்டனில் இருக்கும்போது, மற்ற கை அடுத்த தகட்டை உள்ளே வைக்கும். பீஸ் கூடும். எல்லோரும் கட்டினார்கள். எல்லோருக்கும் தெரியும். யாரும் கட்டச் சொன்னதில்லை, யாரும் அவிழ்க்கச் சொன்னதும் இல்லை.

"யோவ் வாட்ச்மேனு, கேட்டப் பாருய்யா. பிரஸ்ஸு உனுக்கு எதுக்கு?" என்று ஒருவர் கத்தினார்.

"அவுரு குடம் வாங்கிட்டாரு இல்ல, நாம வாங்கக்கூடாதாம்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அறுத்த துண்டுகளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். அவர் போன பிறகு அவர்கள் மறுபடி கட்டுவார்கள். அப்பா அடுத்த ஷிப்டில் மறுபடி அறுப்பார்.

சூப்பர்வைசர் கேட்டுக்கு வந்தார். நான் நிற்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரும், மேல இருந்து பீஸ் எங்கன்னு என்னையத்தான் கேக்காங்க. உம்ம கை போச்சேன்னு நான்தான் பேசி இங்க உக்கார வச்சிருக்கேன். கேட்டப் பாரும். அது போதும் வே."

"சரிங்க சார்" என்றார் அப்பா. மறுநாளும் மஞ்சப்பை கனத்துத்தான் வீட்டுக்கு வந்தது. அதில் நல்ல துண்டாகப் பொறுக்கி நான் தலைமுடிக்குப் போட்டுக்கொண்டேன்.

ஸ்தோத்திர ஞாயிறு வந்தது. நாங்கள் வெறுங்கையோடு போகிறோம் என்று நினைத்தேன். அப்பா மஞ்சப்பையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேசையில் அன்றைக்கு முதலில் வைத்தது சூப்பர்வைசரின் புது ஸ்கூட்டர் சாவி. ஆன்ட்டி அதில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார். பிறகு ஒரு வேலை ஆர்டர், ஒரு தையல் மிஷின் ரசீது. எல்லாவற்றுக்கும் அல்லேலூயா சொல்லி முடித்து, பாஸ்டர் வழக்கம்போல, "இன்னும் யாராவது?" என்றார். அது பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி அல்ல.

அப்பா எழுந்தார். அம்மா அவருடைய சட்டை நுனியைப் பிடித்தாள். சட்டை அவள் கையிலிருந்து நழுவியது.

மேசையருகில் போய் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். கறுப்பு ரப்பர்த் துண்டுகள் மேசை முழுக்கச் சிதறின. ஒன்று ஸ்கூட்டர் சாவியின் மல்லிகைமேல் விழுந்தது. யாரோ ஒரு குழந்தை சிரித்தது. நான் தலையைக் குனிந்து என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். மற்றவர்கள் சாவி வைக்கிற இடத்தில் என் அப்பா குப்பை கொட்டுகிறாரே என்றிருந்தது.

"இது என்னதுங்க?" என்றார் பாஸ்டர்.

"கைங்க, ஐயா. இத்தன கை இந்த வருசம் முழுசா வீட்டுக்குப் போயிருக்குது." அப்பா வலது கையை மேசைமேல் ஊன்றியிருந்தார். அதுவரை சபையில் அதைத் தோள்துண்டுக்குள்ளேயேதான் வைத்திருந்தார். "போன வருசம் ஒரு குடம் கொண்டாந்தேன். நீங்க தூக்கிக் காட்டினீங்க. அதுவும் இதக் கட்டி வாங்குனதுதாங்க. அன்னிக்கு நான் சொல்லல."

பாஸ்டர் ஒரு துண்டை எடுத்தார். தூக்கிக் காட்டவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். ஒவ்வொரு பொருளுக்கும் சொல்கிற அந்த வாக்கியம் வரவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். அன்றைக்கு அப்பாவைக் கேட்டைப் பார்க்கச் சொல்லிக் கத்தியவர்தான். பக்கத்தில் இன்னொருவரும் எழுந்தார். சூப்பர்வைசர் தன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அல்லேலூயா யாரும் சொல்லவில்லை. பாஸ்டர் கண்ணை மூடி "ஆமென்" என்றபோது, எதற்கு ஆமென் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் கேட்டுக்கு வேறு ஆள் வந்தார். அப்பா அம்மாவோடு ரோஜாத் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். மீதி விரல்களால் பூக்கட்டு கட்டப் பழகுவதற்கு நாளாயிற்று. ஆன்ட்டி ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் குழம்புத் தூக்கைக் கொடுத்தார். வழக்கத்தைவிட நிறைய ஊற்றியிருந்தார். "அந்தக் கையில இன்னும் வலி இருக்கா பிள்ளே?" என்று கேட்டார். ஓட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா எவர்சில்வர் குடத்தைக் கழுவித் துடைத்துப் பரணில் கவிழ்த்துவைத்தாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க எனக்குப் பழைய பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்தாள். அதன் விளிம்பு உடைந்து இடுப்பைக் கீறும்.

"நல்ல குடம் மேல சும்மாதான இருக்குது" என்றேன். அம்மா தெலுங்கில் வாயை மூடச் சொன்னாள்.

அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: எங்கள் வீட்டுக்கு ஒரு ஆசீர்வாதம் வந்தது, ஒரு சாபம் வந்தது, கடைசியில் இருந்த வேலையையும் அப்பாவே கொண்டுபோய் மேசையில் கொட்டிவிட்டு வந்துவிட்டார். குடமும் காயமும் ஒரே பட்டனிலிருந்து வந்தவை என்பதும், வாய்க்காலில் விட்டிருக்க வேண்டியது விளக்கை அல்ல என்பதை அம்மா அந்தக் குடத்தைப் பரணில் ஏற்றி ஒத்துக்கொண்டாள் என்பதும் புரியவில்லை. பாஸ்டர் ஏன் அன்று வார்த்தை தேடினார் என்பதும் புரியவில்லை. நான் தாண்டிப்போன அந்தப் பக்கத்தில் அச்சுப் பிழை எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு வயது தேவைப்பட்டது.

டிப்ளமோ படிக்கும்போது பட்டறை வகுப்பில் ஆசிரியர் பிரஸ்ஸைக் காட்டி, "இதுக்கு ஏன் ரெண்டு பட்டன்?" என்று கேட்டார். பையன்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். பத்து விரலோடும்.

இந்த வருடம் எனக்கு ஓசூரிலேயே ஒரு பிரஸ் ஷாப்பில் குவாலிட்டி பிரிவில் வேலை கிடைத்தது. ஸ்தோத்திர ஞாயிற்றுக்கு வேலை ஆர்டரைக் கொண்டுவரச் சொல்லி சபையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். அதற்கு முந்தைய வாரம்தான் மூன்றாவது பிரஸ்ஸில் ஒரு டியூப் துண்டைப் பார்த்தேன். "மேடம், டார்கெட்டு இருக்குது மேடம்" என்றார் ஆபரேட்டர். எங்கள் சூப்பர்வைசர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுத்தேன். ஆர்டர் இன்னும் அம்மாவின் பெட்டியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேசையில் நான் வைத்தது அந்தத் துண்டை.