அவள் பெயரில் எழுதிய வீடு

என் பெண்சாதி இரண்டு கிழமைக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. 1982ஆம் ஆண்டு, நோன்பு மாதம். கச்சான் காற்று நெருப்பாய் வீசிக்கொண்டிருந்தது. மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் அதையேதான் சொன்னது.

அவள் கேரளத்துப் பிள்ளை. குவைத்தில் நான் லொறி ஓட்டினேன், அவள் தையல் வேலை செய்தாள். அங்கேயே நிக்காஹ் முடிந்தது. பிறகு என் கம்பனி மூடப்பட்டது. என் வேலையோடு என் விசா போனது, என் விசாவோடு அவளுடையதும் போனது. அவளுக்கு உம்மா வாப்பா இல்லை. எங்கோ தூர ஊர்க்காரனைக் கட்டினாய் என்று கூடப்பிறந்த காக்காமார் கதவை அடைத்துவிட்டார்கள். கல்முனைக்குக் கூட்டி வந்தேன். இப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். பெண்ணுக்கு இங்கே வீடு இல்லையென்றால் மாப்பிள்ளை எங்கே போவான்? நாங்கள் வந்திறங்கிய அன்றே என் மூத்த சகோதரி, ராத்தா, தன் வளவின் பின்வீட்டைக் கூட்டிக் கழுவி, கதவுப் பூட்டின் திறப்பை என் கையில் தரவில்லை, அவள் கையில் கொடுத்தா. "இந்தா புள்ள, இது உன்ட ஊடு. இவன் கோவிச்சா வெளியில போகச் சொல்லு" என்றா. அன்று முதல் ஊரெல்லாம் அதைக் "கேரளத்தாள்ட ஊடு" என்றுதான் சொன்னது.

அதனால் விசாப் படிவத்தில் வீட்டு உரிமையாளர் யார் என்று கேட்ட இடத்தில் நான் யோசிக்கவே இல்லை. அவள் பெயரை எழுதினேன். பக்கத்தில் நின்று பார்த்தவர்களும் சரி என்றார்கள். அதைத்தான் பொய் விபரம் என்று கடிதம் சொன்னது.

கடிதத்தைக் கேட்டதும் அவள் அழவில்லை. "நான் தனியாப் போகணுமா, இக்கா?" என்று மட்டும் கேட்டாள். பள்ளிக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், குவைத்தில் ஜும்ஆவைத் தவிர நான் பள்ளிவாசலை எட்டிப் பார்த்தவன் இல்லை. ளுஹர் தொழுதுவிட்டுத் தூணோரம் இருந்து கையேந்தினேன். என்ன கேட்பதென்றும் தெரியவில்லை. "யா அல்லாஹ், எங்கட கதை விளங்குற ஒருத்தரையாவது அங்க இருக்க வை" என்றேன். அவ்வளவுதான் வந்தது. மற்றதெல்லாம் கண்ணீர்.

கொழும்புக்குப் புறப்படும்போது ராத்தாவும் வந்து பஸ்ஸில் ஏறினா. கல்முனைச் சந்தையைத் தாண்டாத மனுசி. வீட்டு உறுதிப் பத்திரத்தைச் சீலைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தா. விசாக் கந்தோரில் எதையாவது கேட்பார்களாம்.

கந்தோரில் முடிவு சொல்லும் பெரியவருக்குப் பக்கத்து மேசையில் ஓர் எழுதுவினைஞர். நெற்றியில் திருநீறு, மூக்கில் கண்ணாடி. என் படிவத்தைப் பார்த்து, "வெளிநாட்டுக்காரிக்கு இங்க காணி வீடு எப்படி வந்தது? உறுதி இருக்கா?" என்று கேட்டார். இல்லை, உறுதி ராத்தாவின் பெயரில் என்றேன்.

"அப்ப ஏன் மனிசிட பேரை எழுதினீங்க?"

"பெண்சாதி இரிக்கிற ஊடு பெண்சாதிட ஊடுதானே சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"நான் காரைதீவு" என்றார்.

கல்முனைக்கும் காரைதீவுக்கும் சைக்கிளில் போகும் தூரம். அவர் எழுந்து போய்ப் பெரியவரிடம் சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். பெரியவர் திடீரென்று சிரித்துவிட்டார். தான் என்ன சொன்னார் என்று எழுதுவினைஞர் பிறகு எங்களுக்குச் சொன்னார்: "இது பொய்யில்ல சேர், இவங்கட ஊர்ல ஆம்பிளைக்கு வீடில்ல. எனக்கும் இல்ல. முப்பது வருசமா மனிசிட வீட்டிலதான் இருக்கிறன்."

ஆனால் பெரியவர் இன்னொன்று கேட்டார். கணவனுக்கு நிலையான வேலை இல்லை, இவர்களை யார் பார்ப்பது? ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டு முன்னால் வந்தா.

"எனக்கு வயலிரிக்கி. அவரிட்டச் சொல்லுங்க அண்ணன், எங்கட ஊட்டுச் சோத்துக்கு நாங்க ஆரிட்டயும் விசா கேக்கிறல்ல."

எழுதுவினைஞர் ஒரு சொல் விடாமல் அதை மொழிபெயர்த்தார். பெரியவர் ராத்தாவையே பார்த்தார். பிறகு உறுதியை வாங்கி வாசித்தார். புதிய படிவம் தந்தார்கள். உரிமையாளர் என்ற இடத்தில் ராத்தா எழுத்துக் கூட்டிக் கையெழுத்து வைத்தா. முதலில் ஒரு வருடத்துக்கு முத்திரை விழுந்தது. அதற்குப் பிறகு எந்த வருடமும் தடைப்படவில்லை. மகள் கல்முனையில்தான் பிறந்தாள்.

அல்லாஹ்வின் உதவி வானத்தைப் பிளந்து வரும் என்று நினைத்திருந்தவன் நான். அவன் அதைத் திருநீறு பூசிய ஒரு மனிதரிடமும், சந்தை தாண்டாத ஒரு மனுசியிடமும் கொடுத்து வைத்திருந்தான். அந்த அண்ணனுக்காக இன்றும் துஆக் கேட்கிறேன். ராத்தாவைப் போல ஒருவரை நான் இன்னும் காணவில்லை. ஐந்து வேளைத் தொழுகையும் இப்போது என்னை விட்டுப் போவதில்லை. படிவத்தோடு யாராவது தடுமாறி வந்தால் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் வாசித்துக் காட்டுகிறேன்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, அழகான வார்த்தை வரட்டும் என்று காத்திராதீர்கள். வாயில் வந்ததைக் கேளுங்கள். நம் ஊர்ப் பேச்சு அவனுக்கு நன்றாக விளங்கும்.