ஐஸ் பெட்டிக்குள் ஒரு முழுக் கோவா

என் மகள் பாலை மறந்துவிட்டாளா, அல்லது இனிக் கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கிறாளா? விடுமுறை முடிந்து வந்த நாளிலிருந்து இதைத்தான் யோசிக்கிறேன். அவளுக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. அவளிடம் கேட்டு அறிய முடியாது. மற்றவர்களிடம் கேட்டால், அவர்களுக்குப் பதில் முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

பயணம் என் கணவருடைய யோசனை. பிள்ளை பிறந்த பிறகு நாங்கள் இருவரும் தனியே இருந்து ஒரு கோப்பிகூடக் குடித்ததில்லை. கோடை முடிவதற்குள் இரண்டு இரவு பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டிக்குப் போய்வருவோம் என்றார். ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் சில மணி நேரத்தில் வந்துவிடும் இடம். ஒரு பக்கம் வைன் செய்கிற திராட்சைத் தோட்டங்கள், மறுபக்கம் கடற்கரையைப் போலவே மணல் விரிந்த ஏரிக்கரை. பிள்ளையை அவருடைய அக்கா பார்த்துக்கொள்வார். என் மச்சாள் ரொறன்ரோவின் கிழக்கோரத்தில் ரூஜில் இருக்கிறார், இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தவர், கைராசிக்காரி. கேட்டவுடனே சம்மதித்துவிட்டார் என்று கணவர் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த நாட்களில் நான் நன்றாகக் களைத்திருந்தேன். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குத் திரும்பியிருந்தேன். மகள் பகலில் சோறு சாப்பிடுவாள், இரவில் பால்தான். அவளுடைய சொல்லில் அது 'பாச்சி'. இரவில் பலமுறை எழும்பி என் சட்டையைப் பிடித்து இழுத்து அந்தச் சொல்லைச் சொல்லுவாள். காலையில் பஸ்ஸில் நின்றபடியே கண் மூடிவிடுவேன்.

வெளிக்கிடும்போது பால் எடுக்கும் பம்பைப் பையில் வைத்தேன். கணவர் பார்த்துவிட்டு, "உது ஏன்? ரெண்டு நாளுக்குத்தானே. உதையும் தூக்கிக்கொண்டு திரியப் போறீரோ?" என்றார். எடுத்து வெளியே வைத்தேன். எடுத்தது நான்தான், அவர் இல்லை. இரவில் மட்டும்தானே குடிக்கிறாள், சமாளிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐஸ் பெட்டியை அவரே அடுக்கினார். வழக்கமாக அது என் வேலை. இந்த மனிதருக்கு என்ன வந்தது என்று சிரித்தேன்.

ரூஜில் மச்சாள் வீட்டு வாசலில் அவருடைய பிள்ளைகள் நிலத்தில் சோக்கால் பூ வரைந்துகொண்டிருந்தார்கள். மகள் அவர்களோடு போய்க் குந்திவிட்டாள். கார் புறப்பட்டபோது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் ஏஜாக்ஸ் தாண்டும்வரை அழுதேன். அவர் ஒரு கையால் காரை ஓட்டி, மறுகையால் என் கையைப் பிடித்திருந்தார்.

முதல் வைன் தோட்டத்தில் நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல இருந்தோம். ஊற்றித் தருகிற பெண் ஒரு சிவப்பு வைனைக் கிளாசில் சுழற்றி, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய், இதில் தோலின் வாசம் தெரிகிறதா என்று கேட்டாள். கணவர் பணிவாக முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"தோல் மணக்குதாம். சப்பாத்துக் கடையிலை ஊத்தி வைச்சவையோ?"

"மெல்லக் கதையுங்கோ!"

"நான் என்ன இங்கிலீஷிலையே சொன்னனான்? உவவுக்கு விளங்காது."

வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எவ்வளவு காலம். அந்தப் பெண் என் கிளாசுக்கு வந்தபோது அதை உள்ளங்கையால் மூடி, பால் கொடுக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் புன்னகைத்துப் போத்தலை நிமிர்த்தினாள்.

"கொஞ்சம் குடியுமன்," என்றார் கணவர். "இனி என்ன?"

"இனி என்னவோ? நாளையிண்டைக்கு வீட்டை போய்க் குடுக்கிறேல்லையோ?"

"இல்லை... அதுக்குள்ளை எல்லாம் போயிடுமெண்டு சொன்னனான்."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பறவைகளுக்காக வலை போர்த்திய கொடிகள் வரிசையாக நின்றன. நானும் பார்த்தேன். அலுவலகத்தில் என் வேலையே ஒப்பந்தங்களில் ஒரு சொல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான். 'இனி' என்ற சொல் என் காதுக்குப் பக்கத்தால் போனது. நான் அதைப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே மார்பு இரண்டும் கல்லாகக் கனத்தன. மோட்டல் குளியலறைச் சிங்கில் குனிந்து கையால் பிழிந்தேன். கொஞ்சம் வந்தது, நோவுதான் மிச்சம். மகள் இரவு அழுதாளா என்று கணவரிடம் கேட்டேன். அக்கா போனில் ரெக்ஸ்ற் அனுப்பியிருக்கிறா, நல்ல நித்திரையாம் என்றார். மனம் ஆறியது. கூடவே ஏதோ சுருக்கென்று குத்தவும் செய்தது. நான் இல்லாமலும் அவள் நித்திரை கொள்ளுவாள் என்பது ஒரு தாய்க்கு நல்ல செய்திதானே, ஏன் குத்துகிறது என்று என்னையே கடிந்துகொண்டேன்.

மதியம் ஏரிக்கரைக்குப் போனோம். மறுகரை தெரியாத தண்ணீர், அலைகூட அடித்தது. வாயில் பட்டபோதுதான் உப்பில்லை என்று தெரிந்தது. பக்கத்துக் குடைக்குள் யாருடையதோ கைக்குழந்தை அழத் தொடங்கியது. அவ்வளவுதான். என் உடம்பு யாரிடமும் கேட்காமல் பாலை விட்டுவிட்டது. சட்டையின் முன்பக்கம் முழுவதும் நனைந்தது. துவாயால் மூடிக்கொண்டு, ஐஸ் வைத்தால் நோவு குறையும் என்று காருக்கு ஓடினேன். கணவர் பின்னால் வந்தார். டிக்கியைத் திறந்து ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டேன். சோடா ரின்களுக்கு அடியில் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் கோவா. முட்டைக்கோஸ் என்று இந்தியக் கடைகளில் எழுதியிருப்பார்களே, அதுதான். வெட்டாத முழுக் கோவா.

"இஞ்சருங்கோ, இதென்ன கோவா?"

"ஆ... அதோ."

"மோட்டலிலை வறை வறுக்கப் போறமோ?"

அவர் சிரிக்கவில்லை. செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே, "உமக்குத்தான்," என்றார். "இலையைக் கழட்டிச் சட்டைக்கு உள்ளுக்கை வைக்கிறதாம். வீக்கம் வத்துமாம். அக்கா சொல்லி விட்டவ."

"எனக்கு வீங்குமெண்டு அக்காவுக்கு என்னெண்டு தெரியும்?"

மற்றச் செருப்பையும் கழற்றித் தட்டினார். பிறகு மிகச் சாதாரணமாக, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எனக்கு நினைவூட்டுவது போலச் சொன்னார்.

"பால் மறக்கப் பண்ணேக்கை வீங்கும்தானே."

எனக்கு உடனே விளங்கவில்லை. யாருடைய பிள்ளைக்கு, யார் என்று யோசித்தேன். பக்கத்தில் யாரோ இறைச்சி வாட்டினார்கள், புகை எங்கள் மேல் வந்தது. கையில் கோவா இருந்தது, குளிர்ந்து, ஒரு குழந்தையின் தலையளவு பாரத்தோடு. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பம்ப். ஐஸ் பெட்டி. இனி என்ன. கேட்டவுடன் சம்மதித்த மச்சாள். நான் விடுமுறைக்கு வரவில்லை. பிள்ளையின் கண்ணில் படாமல் இருப்பதற்காகக் கொண்டுவரப்பட்டிருந்தேன்.

"எனக்குச் சொல்லாமலோ?" என்றேன்.

"சொன்னால் நீர் வந்திருப்பீரோ?"

"வந்திருக்க மாட்டன்."

"அதுதான். நீர்தானே அழுதனீர், என்னாலை ஏலாது, ஆராவது இதை நிப்பாட்டித் தாங்கோ எண்டு. நீர் கேக்காததை நான் செய்யேல்லை."

உண்மை. சொன்னேன். ஒரு காலை, தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்க, பிள்ளை என் காலில் தொங்கிக்கொண்டு நிற்க, அப்படியே சொன்னேன். செத்துப்போகலாம் போல இருக்கு என்றும் அதே மூச்சில் சொன்னேன். அதை அவர் எடுக்கவில்லை, இதை எடுத்துக்கொண்டார். எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்றும் பிறகு யோசித்தேன். நான்தான் சரியாகச் சொல்லவில்லையோ?

மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன, கோவாவைக் கண்டிட்டீரோ?" என்று சிரித்தார். "சொல்லு சொல்லெண்டு தம்பிக்குச் சொன்னனான். பயந்து போனான் போலை."

"அழுதவளோ, மச்சாள்?"

"ராத்திரி கொஞ்ச நேரம். தம்பி பையிலை வைச்சு விட்ட உம்மடை நைற்றியைக் குடுத்தன், அதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு படுத்திட்டாள். இண்டைக்கு ஒருக்காலும் கேக்கேல்லை. மறந்திட்டாள். இனிப் பயமில்லை."

"மறந்திட்டாளோ?"

"ஓம். நான் என்ரை மூத்தவளுக்கு வேப்பெண்ணெய் பூசினனான். பிள்ளை வாய் வைச்சிட்டு என்னை ஒரு பார்வை பாத்தது. இப்பவும் கண்ணுக்கை நிக்குது. உமக்கு அது வேண்டாமெண்டுதான் இப்பிடிச் செய்தது. அவள் கோவிக்கிறதெண்டால் என்னோடை கோவிக்கட்டும், உம்மோடை இல்லை."

என்னால் அவரை ஏச முடியவில்லை. அன்பாகச் சொல்லுகிற ஒருவரை எப்படி ஏசுவது? 'பால் மறக்கிறது' என்று நானும் எத்தனை பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். வாய் தடக்காமல் வருகிற சொல். ஆங்கிலத்தில் இதற்குள்ள சொல்லில் மறதி என்பதே இல்லை. நாங்கள்தான் அதற்குள் மறதியை வைத்திருக்கிறோம். மறப்பது பிள்ளையின் வேலை, மறக்கப் பண்ணுவது பெரியவர்களின் வேலை. பால் இருக்கிற உடம்பைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை.

உடனே வீட்டுக்குப் போவோம் என்றேன். கணவர் கார்த் திறப்பை எடுத்துக் கையில் தந்தார்.

"போவம். ஆனால் இப்ப போய்க் குடுத்தால், ராத்திரி அவள் அழுததெல்லாம் வீண். பேந்து இன்னொருக்கா முதலிலை இருந்து அழவேணும். நீர் சொல்லும், என்ன செய்ய?"

திறப்பை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது சரியா என்று இப்போதும் தெரியாது. அப்போது சரி போல இருந்தது. இரண்டாவது இரவும் அங்கேயே தங்கினோம். நானே கோவாவின் இலைகளைக் கழற்றி, நடு நரம்பை நசுக்கி, உள்ளே வைத்துக்கொண்டேன். குளிர்ச்சியாக, சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தையும் என்னால் பொறுக்க முடியவில்லை. அறை முழுவதும் சமையல் மணம். தோட்டத்தில் வாங்கிவந்த வைன் போத்தலை இரவுச் சாப்பாட்டோடு அவர் திறக்கவில்லை. நாங்கள் இருவரும் சிப்ஸ் சாப்பிட்டபடி, ஒலியைக் குறைத்து, என்ன நிகழ்ச்சி என்று தெரியாமலே ரிவி பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் ரூஜில் கதவு திறந்ததும் மகள் ஓடி வந்தாள். தூக்கினேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள், எச்சிலாக முத்தம் தந்தாள். பிறகு வழக்கம்போல அவள் கை என் சட்டைக் கழுத்துக்குள் போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை வெளியே எடுத்தாள். மச்சாளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் மார்பைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"பாச்சி பாய்."

மச்சாளின் பிள்ளைகள் கைதட்டினார்கள். "ஷி லேர்ண்ட் இற் யெஸ்ரடே!" என்றாள் மூத்தவள், நேற்றே பழகிவிட்டாள் என்ற பெருமையோடு. கணவர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் பார்க்க, நானும் கையை ஆட்டினேன். பாய் என்றேன். ஏன் சொன்னேன்? அந்த நேரத்தில் அவளுடைய சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. உள்ளே பால் கொதிப்பது போல முட்டிக்கொண்டு நின்றது.

இப்போது அவள் நன்றாக நித்திரை கொள்ளுகிறாள். நானும் கொள்ளுகிறேன். பஸ்ஸில் தூங்குவதில்லை. அலுவலகத்தில் என் முகம் தெளிந்திருக்கிறது என்றார்கள். கணவர் பிள்ளையை இரவில் தானே படுக்க வைக்கிறார், கதை சொல்லுகிறார். ஒருநாள் பாத்திரம் கழுவும்போது, "கோவமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய்யுமில்லை, உண்மையுமில்லை. கேட்டதைத் தந்த மனிதரோடு எந்த வாயால் கோபிப்பது?

ஆனால் மாலையில் வேலையால் வந்து சோபாவில் சாய்ந்தால், மகள் வந்து என் மடியில் ஏறிப் படுத்து, கன்னத்தை அங்கே வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறாள். கேட்பதில்லை. கண்ணை மூடுவதுமில்லை. என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு பொத்தானைக் கழற்றினால் போதும் என்று தோன்றுகிறது. கழற்றினால், மச்சாள் வீட்டில் அவள் அழுத இரவை மறுபடி என் கையால் அவளுக்குக் கொடுத்தவளாவேன். கழற்றாவிட்டால், அவளிடமிருந்து நான் ஒளித்துவைத்திருக்கிற ஒன்றுக்குத் தினமும் காவல் இருப்பவளாவேன்.

இதை வாசிக்கிற தாய்மாரே, நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குப் பால் மறக்கப் பண்ணியிருப்பீர்கள். சிலருக்கு உங்களைக் கேட்காமலே மற்றவர்கள் செய்திருப்பார்கள். ஒரே ஒரு முறை, நானே கொடுத்து, நானே சொல்லி, நானே முடிப்பது பிள்ளைக்குச் செய்கிற நன்மையா, அல்லது என் மனதை ஆற்ற அவளை அழவைப்பதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அழுத்திப் பார்த்தால் இன்னும் ஒரு சொட்டு வருகிறது. அது வற்றுவதற்கு முன் எழுதுங்கள்.