பாரிஸ் மாமா கொண்டாந்த கீபோர்டு

முதல் தடவையா நானே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிட்டேன். மதர்போர்டுலேருந்து ஃபேன் வரைக்கும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துமான்னு மூணு மாசம் பாத்துப் பாத்து வாங்கினது.

கீபோர்டை மட்டும் பாரிஸ் மாமாகிட்ட சொல்லிட்டேன். அவர் பழைய சொல்தா, பிரெஞ்சு மிலிட்டரி பென்ஷன்காரர். "என்னடா வேணும்?"னு அவராதான் கேட்டாரு.

இன்னிக்குக் காலையில வந்து குடுத்தாரு. பிரிச்சா, பிரெஞ்சு கீபோர்டு. பாதி எழுத்து இடம் மாறிக் கிடக்கு.

மாமா பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துட்டாரு. மூஞ்சி பூரா பெருமை. எப்படிச் சொல்றது?

துப்பாக்கிச் சண்டை கேம் ஒண்ணைப் போட்டேன். நடக்கறதுக்கு W. அந்த எழுத்தைத் தேடி அழுத்தினா, என் ஆளு பொத்துனு தரையில படுத்துட்டான். இதுல W இருக்கற இடம் நம்மூர் கீபோர்டுல Z, கேம்ல Z-னா படுக்கறது. மறுபடி அழுத்தினா எழுந்தான். பதறிப்போய் இன்னொரு தடவை அழுத்தினேன், திரும்பவும் படுத்துட்டான்.

சுத்தி நின்னவன், ஓடினவன் எல்லாம் காலி. என் ஆளு மட்டும் உயிரோட.

மாமா முதுகுல தட்டினாரு. "எங்களுக்கும் டிரெயினிங்ல முதல்ல இதைத்தான்டா சொல்லிக்குடுத்தாங்க. உனக்கு ரத்தத்துலயே இருக்கு!"

அவர் பிளைட் ஏற இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுவரைக்கும் படுத்துக்கிட்டேதான் ஆடணும்.

சரியான கீ மேல ஒட்ட ஒரு W ஸ்டிக்கர் யார்கிட்டயாவது இருக்கா மக்களே?