நாலு மணி வரைக்கும் ரூம்

கம்பெனியில் அவருக்குத் 'தங்கக்கார்டு' என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பள ரசீதோடு சரி. பாட்டிலில் மருந்து நிரப்புகிற மெஷின்களை ரிப்பேர் பார்க்க ஊர் ஊராகப் போகிற வேலை. வாரத்தில் பாதி நாள் வெளியூர், மிச்சத்தில் பாதி ரயில். இப்படி அலைகிற மனுஷன் எங்கே போனாலும் ஒரே ஓட்டல் கம்பெனியின் கிளையைத் தேடிப் போய்த்தான் தங்குவார். வருஷத்தில் இத்தனை ராத்திரி என்று கணக்கு வைத்திருந்தார்கள். அத்தனை ராத்திரி அங்கே படுத்தால் தங்க நிறத்தில் ஒரு கார்டு. கார்டுக்காரருக்குப் பெரிய ரூம், இலவசக் காலைச் சாப்பாடு, மேஜையில் ஒரு தட்டுப் பழம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரே பன்னிரண்டு மணிக்குக் காலி பண்ண வேண்டிய ரூமை அவர் நாலு மணி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கார்டை நீட்டும்போது மனுஷனுக்கு ஒரு மிதப்பு வரும் பாருங்கள்! வீட்டில் ஒழுகுகிற குழாயைச் சொல்லிச் சொல்லிப் பெண்டாட்டிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இங்கேயோ ஒருத்தன் ஓடிவந்து பெட்டியை வாங்குகிறான், இன்னொருத்தன் பேர் சொல்லி வணக்கம் வைக்கிறான். யாருக்குத்தான் தலை கிறுகிறுக்காது? வருஷக் கடைசியில் ஒன்றிரண்டு ராத்திரி குறைந்துபோனால், வேலை முடிந்த பிறகும் சொந்தக் காசைப் போட்டு அங்கேயே படுத்துக்கொள்வார். வீட்டுக்குப் போன் போட்டு, மெஷின் இன்னும் ஓடலை என்பார். அவளும் சரிங்க, சாப்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

பாவி மகள், ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை. கல்யாணமான நாலாவது வருஷம், வருஷக் கடைசி. ஏழு மாச வயிற்றோடு வீட்டில் தனியாக இருந்தபோது அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அதற்கப்புறம் வேறு குழந்தையும் பிறக்கவில்லை. இவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளுடைய அண்ணன் அவள் கட்டில் பக்கத்திலேயே இவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, நீ நினைச்சிருந்தா வந்திருக்கலாம் என்று கத்தினார். அவளோ படுத்த படுக்கையில் அண்ணனைத்தான் திட்டினாள். மெஷின் நின்னுபோச்சுன்னா அவர் என்ன பண்ணுவார், பிழைப்பைப் போட்டுட்டு ஓடிவர முடியுமா என்று புருஷனுக்காக மல்லுக்கு நின்றாள். கூடப்பிறந்தவரோடு பேச்சுவார்த்தை அன்றைக்கு அறுந்ததுதான்.

இவர் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் வாயைத் திறக்காமல் நின்றிருந்தார். அன்றைக்குச் சொல்லாததை அப்புறம் எந்த நாளிலும் சொல்ல முடியவில்லை.

கார்டு சமாசாரத்துக்கு வருவோம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை அது. தட்டுப் பழம் ஒற்றை ஆப்பிள் ஆயிற்று. ஆப்பிள் மிட்டாய் ஆயிற்று. கடைசியில் டிவித் திரையில் இவர் பேரைத் தப்பாகப் போட்டு 'வருக' என்றார்கள், அவ்வளவுதான். இலவசச் சாப்பாடு கூப்பனாகி, கூப்பன் தள்ளுபடியாகி, தள்ளுபடியும் ஒரு நாள் காணாமல் போனது. ஒரு வாரம் சும்மா தங்கலாம் என்று சேர்த்துவைத்த பாயிண்ட் இரண்டு ராத்திரிக்குக்கூடப் போதவில்லை. ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும், உங்களுக்காகப் புது வசதிகள் என்று ஒரு மெயில் வரும். பிடுங்குகிறவன் கொடுக்கிறவன் மாதிரியே பேசுகிறான், என்ன திமிர் பாருங்கள். கூட அலைந்தவர்கள் எல்லாம் கார்டைத் தூக்கி எறிந்துவிட்டு மலிவான லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் விடவில்லை. எது போனாலும் நாலு மணி இருக்கே என்பார்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் அவர் மனைவிக்குப் புற்றுநோய் என்றார்கள். மாசம் ஒரு தடவை பெரிய ஊருக்கு வந்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றிய பிறகு அவளால் உட்கார முடியாது, படுத்தே ஆகவேண்டும். அண்ணன் வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில்தான். அவன் வாசல்ல போய் நிப்பானேன், நம்மகிட்ட கார்டு இருக்கு என்றார் இவர். முதல் நாளே வந்து ஓட்டலில் தங்குவது, காலையில் மருந்து, அப்புறம் நாலு மணி வரைக்கும் ரூமில் அவள் படுப்பது, சாயங்கால ரயிலில் ஊர் திரும்புவது என்று ஏற்பாடு. முதல் இரண்டு தடவையும் பழக்கப்பட்ட மேனேஜர் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை. நான் அலைஞ்சது வீண்போகலை பார்த்தியா என்று இவர் சொன்னபோது, வாடிப்போன முகத்தோடு அவளும் சிரித்தாள்.

மூன்றாவது தடவை ஆஸ்பத்திரியில் நேரமாகி, மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வந்து ரூம் கதவில் சாவிக் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தார், திருப்பி வைத்தார், சிவப்புதான். அவள் வாந்திக்கு வைத்திருந்த பையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். மெதுவாகக் கீழே கூட்டிவந்தால், இவர்கள் பெட்டி ஏற்கெனவே வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

மேஜைக்காரப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். சார் இப்போது அவ்வளவாகத் தங்குவதில்லை, அதனால் இந்த மாசத்தோடு சாதாரண உறுப்பினர். தங்கக் கார்டுக்கும் இனிமேல் ரூம் காலி இருந்தால்தான் நாலு மணி. இன்றைக்கு ஏதோ மாநாடு, காசு கொடுத்தாலும் ரூம் இல்லை. பழைய மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார்.

அவளை உட்காரவைத்திருந்த வரவேற்பு சோபாவில் படுக்க முடியாது. யாரும் கால் நீட்டிவிடக் கூடாதென்றே நடுநடுவே கைப்பிடி வைத்திருந்தார்கள். ஏங்க, விடுங்க, ஸ்டேஷன் பெஞ்சுல படுத்துக்கறேன் என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அப்போதே எழுந்து போயிருக்கலாம். இது நம்ம உரிமை, நீ சும்மா இரு என்றார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பதெல்லாம் அவருக்கு அந்த நேரத்தில் எங்கே தோன்றப்போகிறது? பர்ஸிலிருந்து வருஷவாரியாகச் சேர்த்துவைத்திருந்த பழைய கார்டுகளை எடுத்து மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். பயம் அவரை உலுக்கியது. அவளைப் படுக்க வைக்க இந்த ஊரில் தன்னிடம் ஓர் இடம்கூட இல்லை என்ற பயம். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான் நடந்தது.

"இந்தக் கார்டுக்கு நான் எவ்ளோ பண்ணியிருக்கேன் தெரியுமாம்மா? வருஷக் கடைசியில வேலை முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம இங்கயே படுத்துக் கிடந்திருக்கேன். வீட்ல மெஷின் ஓடலைன்னு பொய் சொல்லிட்டு, உங்க ஓட்டலுக்குக் காசு குடுத்திருக்கேன். எனக்கு ஒரு நாலு மணி கிடையாதா?"

அந்தப் பெண் இவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பினார். மனைவி எழுந்து நின்றிருந்தாள், கையில் அந்தப் பையோடு.

"எந்த வருஷம்?" என்றாள்.

பொய் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அது எல்லா வருஷமும் வந்து பழகிய பொய்தான். ஆனால் அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், மேஜையில் கிடந்த கார்டுகளில் முதலாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் குழந்தை போன அந்த வருஷம் அச்சடித்திருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். உட்காரு, விழுந்துடப் போறே என்று சொல்ல நினைத்தார்.

அவள் மேஜைக்காரப் பெண்ணிடம், எங்க அண்ணனுக்கு ஒரு போன் போட்டுத் தர்றியாம்மா என்று கேட்டாள். இத்தனை வருஷம் ஒரு தடவைகூடப் பேசாத அந்த நம்பரைத் தடுமாறாமல் சொன்னாள். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, நான்தான். நீ அன்னைக்குச் சொன்னது சரிதான். என்னை வந்து கூட்டிட்டுப் போறியா?"

கார் சீக்கிரமே வந்துவிட்டது. தலை முழுக்க நரைத்துப்போன அண்ணன் தங்கையின் மொட்டைத் தலையில் ஒரு தடவை கையை வைத்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டார், அவளைப் பின் சீட்டில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்.

தங்கக்கார்டு வாசல்வரைக்கும் கூடவே போய் நின்றார். முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது. ஏறுங்க என்று யாரும் சொல்லவில்லை.