விற்க விற்கக் கரைந்த பணம்

கழுத்துவலிக்காகத் தனக்கென்று தைத்துக்கொண்ட தலையணையை அவள் விளையாட்டாகத்தான் படமெடுத்து இணையத்தில் போட்டாள். ஒன்றரை வருடத்தில் அது மாதம் அறுநூறு தலையணையாகப் பெருத்துவிட்டது. பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவளை உறவுக்காரர்கள் இப்போது ‘முதலாளியம்மா’ என்றார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. ஆர்டர் ஏற ஏற, வங்கியில் இருப்பு இறங்கிக்கொண்டே போனது. துணி, பஞ்சு, தையல்கூலி எல்லாம் போக லாபம் வைத்துத்தானே விலை போட்டாள்? திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தாள். காகிதத்தில் லாபம் நின்றது, கையில்தான் நிற்கவில்லை.

“யாராவது கை வைக்கிறாங்களோ?” என்று ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டாள்.

சம்பளத்துக்கு வந்து பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தாள். “இங்க இருக்கிறது நீயும் நானும்தான். யாரைச் சொல்றே?”

“ஐயோ அண்ணி, உங்களைச் சொல்லல. எனக்கு மண்டையே குழம்பிக் கிடக்கு.”

அண்ணி டேப்பைச் சரக்கென்று கிழித்து அடுத்த பெட்டியில் அழுத்தி ஒட்டினாள்.

மறுநாள் பார்சல் எடுக்க வந்த கூரியர்காரரிடம் புலம்பினாள். அவர் சிரித்துவிட்டார்.

“எங்க பில்லைப் பிரிச்சுப் பாத்தீங்களாம்மா?”

பார்த்ததில்லை. அது வங்கியிலிருந்து தானாகவே போய்விடும். தலையணை லேசுதானே என்று எடையைப் பார்த்து, அனுப்பும் செலவுக்கென்று விலையில் உத்தேசமாக ஒரு தொகையைப் போட்டு வைத்திருந்தாள்.

“எடைக்கு இல்லம்மா, வண்டியில அடைக்கிற இடத்துக்குத்தான் கூலி. உங்க ஒரு பெட்டி வைக்கிற இடத்துல பத்து செருப்புப் பெட்டி வைக்கலாம். நீங்க டெலிவரி இலவசம்னு வேற போட்டிருக்கீங்க. வேணாம்னு திருப்பி அனுப்பினாலும் செலவு உங்க தலையிலதான்.”

அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் முன்பின் தெரியாதவர்கள் நிம்மதியாகத் தூங்க, இத்தனை நாளும் கைக்காசைக் கொடுத்துக்கொண்டா இருந்தாள்?

அன்றே ‘டெலிவரி இலவசம்’ என்ற வரியை அழித்தாள். ஆர்டர் மளமளவென்று சரிந்து இருநூறில் வந்து நின்றது. அந்த மாதக் கடைசியில், முதல்முறையாகக் கொஞ்சம் பணம் மிஞ்சியது. சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. மதியத்துக்குள் வேலை முடிந்துவிட, இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அவள்தான் பேச்செடுத்தாள். “அண்ணி, இனிமே வாரத்துல மூணு நாள் வந்தா போதும்.”

“ஆர்டர் கொட்டினப்போ பணம் இல்லைன்னே. பணம் வந்ததும் வேலை இல்லைங்கிறே. இதுல எதை நல்ல காலம்னு சொல்றது?”

“எனக்கும் புரியல அண்ணி. சத்தியமா.”

அண்ணி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

“எந்த மூணு நாள்?”

அதை அவள் யோசித்திருக்கவில்லை.