கரடியனாற்றுக்கு நான் கொண்டுபோன இருமல்

கிராமத்துக் கண் முகாமுக்கு முதல் தடவை போகவிருக்கும் தாதி ஒருவர், கரடியனாற்றுப் பக்கம் எப்படிப் போவது என்று கேட்டு எழுதியிருந்தார். வழியைச் சொல்கிறேன். அந்த வழியில் போய் நான் செய்த பிழையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1966 மாசி மாதம், ஒரு புதன்கிழமை. அப்போது மட்டக்களப்பு நகரத்தில் கண் வைத்தியம் பார்க்கும் இடமொன்றில் தாதியாக இருந்தேன். எங்கள் டொக்டர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வான் வண்டியில் ஊர்களுக்குப் போய்க் கண் பார்ப்பார். இருமல், தடிமன் உள்ள ஊழியர் வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். இருமலோடு வரும் நோயாளிகள் வெளியே மரத்தடியில் இருக்க வேண்டும்; அவர்களைக் கடைசியில்தான் பார்ப்போம். கண்ணைச் சோதிக்கும்போது நம் முகத்துக்கும் அவர்கள் முகத்துக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்காது.

எனக்கு முதல்நாளே தொண்டை கரகரத்தது. சொன்னால் வேறொருத்தி போவாள். அன்றுதான் முதன்முதலாக என்னைத் தனியே கண் சோதிக்க விட்டிருந்தார்கள். பெப்பர்மிண்ட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வானில் ஏறிவிட்டேன்.

காலை ஆறேகாலுக்குக் கோட்டைமுனைப் பாலத்தைக் கடந்தோம். வான் ஓட்டியவர் காத்தான்குடி காசிம்; அண்ணன் முறையில் காக்கா என்போம். ஏறாவூரில் நிறுத்தி ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தோம், பத்துச் சதம். அங்கே காக்கா என்னை ஒருமாதிரிப் பார்த்து, தொண்டை சரியில்லைப் போல என்றார். தூசி என்றேன். செங்கலடியில் இடப்பக்கம் பதுளை வீதியில் திரும்ப வேண்டும். அதன்பிறகு இருபக்கமும் கதிர் முற்றிய நெல்வயல் வட்டைகள், நடுவில் குண்டும் குழியுமான ரோட்டு. நகரத்திலிருந்து ஏறக்குறைய பதினேழு மைல். போய்ச் சேர எட்டு மணி.

முகாம் நடந்த சங்கக் கட்டடத்து வாசலில் நின்று வந்தவர்களிடம் இருமல் இருக்கிறதா என்று கேட்டதும் நான்தான். ஐந்து பேரை மரத்தடிக்கு அனுப்பினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பத்து மணிபோல மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார் தம்பிப்பிள்ளை. வட்டையில் யானைக்காவல் இருப்பவர். ஒரு கண் நெல் தாள் குத்திப் பழுதாகி வெகுகாலம். மற்றதில் வெண்புரை முற்றியிருந்தது. நான் குனிந்து நெடுநேரம் பார்த்தேன். டொக்டரும் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையே வெட்டலாம், இப்போதே கூட்டிப்போவோம் என்றார். மகள் செல்லம்மாவும் கூட வந்தாள். திரும்பும்போது மழை. வான் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். தம்பிப்பிள்ளை என் பக்கத்தில் இருந்தார். செங்கலடி வரும்வரை என் சேலைத் தலைப்புக்குள் இருமிக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. அந்தக் காலத்தில் வெண்புரை வெட்டிய காயத்துக்கு எங்கள் இடத்தில் தையல் போடுவதில்லை. இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருபக்கமும் மணல் பை வைத்துப் படுக்க வைப்போம். தும்மலும் இருமலும்தான் பெரிய பயம். சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு இருமல் தொடங்கியது. அடக்கத்தான் பார்த்தார், பாவம். முடியவில்லை. ஞாயிறு காலை கட்டை அவிழ்த்தபோது காயம் பிரிந்து, கண் கெட்டுப்போயிருந்தது.

யாருக்குத் தடிமன் இருந்தது என்று டொக்டர் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அடுத்த புதன்கிழமைதான் போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. வார்டில் வேறு யாரிடமிருந்தும் தொற்றியிருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் அதன்பிறகு என்னைக் கண் சோதிக்க விடவில்லை.

பங்குனியில் பஸ் ஏறித் தனியே தம்பிப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். நகரத்திலிருந்து காலை ஏழு மணி பஸ், செங்கலடியில் மாற வேண்டும். இறங்கி வரம்பு வழியே அரை மைல் நடை. வேலிக் கடப்பு வாசலில் செல்லம்மா நின்றாள். நான் தொடங்குமுன் அவளே தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"வானுக்குள்ள நீங்க இருமினத நான் கண்டனான் மிஸ்ஸி. அப்பாவ இங்கால தள்ளி வெச்சிருக்கலாம். டொக்டரோட வந்த ஆக்கள் எண்டு பேசாம இருந்திட்டன். நானும் ஒரு காரணந்தானே?"

இல்லை என்று அவளுக்குச் சொல்ல எனக்கு நெடுநேரம் பிடித்தது. உள்ளே போய்த் தம்பிப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"வேணுமெண்டு செய்யல்லயே புள்ள," என்றார். பிறகு என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டார்: "மற்றக் கண்ண ஒருக்கா வெட்டிப் பாக்க ஏலாதா?"

ஏலாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது தையல் உண்டு, முகக்கவசம் உண்டு; அங்கே போகிற ரோட்டும் நல்லது. ஆனாலும் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குள் புறப்பட்டுவிடுங்கள். மழை பெய்தாலும் வான் கண்ணாடியைக் கொஞ்சமாவது இறக்கி வையுங்கள். கண்ணுக்குக் கிட்டக் குனியும்போது கதைக்காதீர்கள். நோயாளியிடம் இருமல் இருக்கிறதா என்று கேட்கமுன் உங்களுக்குள் கேளுங்கள். ஓம் என்கிற ஊழியரை ஏசாமல் வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் இல்லாமல் முகாம் நடக்காது என்றால் நாளைத் தள்ளிப்போடுங்கள். வெண்புரை ஒரு கிழமை பொறுக்கும்.