வடமாலைப்பேட்டையில் நிற்கும் அம்பாசடர்

பழைய காருக்குப் பெட்ரோல் போடுவது பெரிய வேலை இல்லை. போட்ட பெட்ரோல் டேங்கிலிருந்து இன்ஜின் வரைக்கும் போய்ச் சேருகிறதா என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டோரம் ஷெட் போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தப் பக்கம் மெக்கானிக்கை மேஸ்திரி என்பார்கள். நடுரோட்டில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர் சொல்லும் யோசனைகளை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள், மேலே படியுங்கள்.

முள் காட்டிய பாதி

பாகாலாவிலிருந்து ஒரு காலேஜ் லெக்சரர் தன் பத்மினி காரை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஃபியூயல் பம்ப் போய்விட்டது என்று நோயையும் அவரே சொல்லிவிட்டார். படித்தவர் சொல்கிறாரே என்று நானும் பம்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டினேன். ஒரு சொட்டுப் பெட்ரோல் வரவில்லை. அரை நாள் போன பிறகு டேங்குக்குள் ஒரு குச்சியை விட்டேன். குச்சி காய்ந்தபடியே வெளியே வந்தது. டேங்கில் பெட்ரோலே இல்லை. ஸ்டியரிங்குக்கு எதிரே பெட்ரோல் அளவு காட்டுகிற முள் மட்டும் எந்தக் காலத்திலோ பாதியில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. குச்சி விடுவதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம், அதைக் கடைசியில் செய்தவன் நான். அவர் கேட்டார்: "டெய்லி கண்ணெதிர்ல பாதின்னு காட்டிக்கினு இருந்தா, நம்பாம என்ன பண்றது மேஸ்திரி?"

பின்சீட்டுக்காக ஒரு கார்

நகரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர் முனிரத்தினம் அண்ணன். அவர் மனைவி சரோஜா அக்காவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலையில் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். முடித்துவிட்டுத் திரும்பும்போது அக்காவால் உட்கார முடியாது, நீட்டிப் படுக்க வேண்டும். அதற்குத் தோதான பின்சீட்டு அவருடைய பழைய அம்பாசடரில்தான் இருந்தது. அதனால்தான் எத்தனை பேர் விற்கச் சொல்லியும் அண்ணன் அதை விற்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வண்டி புத்தூர் தாண்டி வடமாலைப்பேட்டையில் நின்றுவிட்டது. எப்படியோ கிளப்பி ஆஸ்பத்திரிக்குப் போனால், "டைம் அயிப்போயிந்தம்மா" என்று நர்ஸ் தெலுங்கில் கையை விரித்துவிட்டாள், நேரம் முடிந்துவிட்டதாம். அக்காவின் படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். மூச்சு வாங்க வாங்க மத்தியானம் வரை பெஞ்சிலேயே காத்திருந்தாராம். திரும்பும் வழியில் என் ஷெட்டில் நிறுத்தி அண்ணன் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பானெட்டைத் திறந்தேன்.

டேங்கில் துரு உதிர்ந்து, காபித்தூள் மாதிரி ஃபில்டரில் அடைத்திருந்தது. எல்லாவற்றையும் கழுவி, புது ஃபில்டர் போட்டேன். அக்கா பின்சீட்டிலேயே படுத்திருந்தார். "வண்டிக்கு வேற ஒண்ணும் இல்லக்கா, பெட்ரோல் போற வழிலதான் அடைப்பு" என்று பெரிய டாக்டர் மாதிரி விளக்கம் வேறு கொடுத்தேன்.

"எனக்கு ரத்தத்த வடிகட்டுறாங்க, இந்த வண்டிக்கு நீ பெட்ரோல வடிகட்டிட்ட" என்றார் அக்கா. "இனிமே ரெண்டு பேரும் ஒழுங்கா ஓடுவோம், போ."

போகும்போது மட்டும்

அந்த வெள்ளிக்கிழமையே வண்டி நின்றது. அதே வடமாலைப்பேட்டை. பம்பின் சவ்வை மாற்றினேன், கார்புரேட்டரைப் பிரித்துக் கோத்தேன். ரேணிகுண்டா வரை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒரு முக்கல் முனகல் இல்லை. அடுத்த செவ்வாய் மறுபடி நின்றது. இன்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது போல என்று சொல்லி, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக் கட்டினேன். விடியற்காலைக் குளிரில் எங்கிருந்து சூடு வரும்? கட்டும்போதே என் மூளை கேட்டது. கை கேட்கவில்லை, கட்டிக்கொண்டே இருந்தது. ஒன்றும் புரியாத மெக்கானிக்கின் கை சும்மா இருக்காது.

நின்ற இடத்தில் அண்ணன் வயரை எல்லாம் அசைத்துப் பார்ப்பார், பிளக்கைத் துடைப்பார். கடைசியாக டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து மூடுவார். பிறகு சாவி போட்டால் கிளம்பிவிடும். அதற்குள் அரை மணி போயிருக்கும். மத்தியானம் ஊர் திரும்பும்போது ஒருநாளும் நிற்கவில்லை. அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்ல, பூசணிக்காயும் உடைத்தாயிற்று. இரண்டு தடவையும் கடைசி நிமிஷத்தில் உள்ளே நுழைந்தோம், இன்னொரு தரம் லேட் என்றால் வேறு ஷிப்ட்டுக்குத் தள்ளிவிடுவார்களாம் என்றார் அண்ணன். பிறகு சிரிக்கப் பார்த்தார்.

"போறப்பதான் நிக்குது, வர்றப்ப நிக்கல. ஆஸ்பத்திரின்னா என் வண்டிக்கும் பயம் போல மேஸ்திரி."

புஸ்

எனக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியும்போதே முதல் பஸ்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றேன், கூடவே வருகிறேன் என்று. கிளம்பும் முன் அக்கா தட்டோடு மெதுவாக நடந்து வந்தார். பானெட்டுக்கு ஒரு பொட்டு, ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு. பிறகு வண்டியைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போய், டேங்க் மூடியின் நடுவில் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். நான் பக்கத்தில் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இருபது வருஷ மேஸ்திரி!

வடமாலைப்பேட்டையில் வண்டி இழுத்து இழுத்து நின்றது. யாரும் எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கி, அண்ணன் எப்போதும் கடைசியாகத் திறப்பது அதைத்தானே என்று நேராக டேங்க் மூடியைத் திருகினேன். புஸ் என்று காற்று உள்ளே போகிற சத்தம். சாவி போட்டால் உடனே கிளம்பிவிட்டது. மூடியின் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். இல்லையென்றால், காற்றே புகாத பாட்டிலில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற கதைதான். அந்தத் துளையைச் சந்தனம் அடைத்திருந்தது, சட்டை நுனியால் துடைத்து எடுத்தேன். வழக்கமாகத் திரும்பும் வழியில் திருப்பதி பங்க்கில் மூடியைத் திருகும்போது காய்ந்த சந்தனம் உதிர்ந்துவிடும், அதனால் வீடு வரை தொல்லை இல்லை. நான் ஓட்டிப் பார்த்ததெல்லாம் பூஜை இல்லாத குட்டி ஓட்டம்.

அண்ணன் என் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "அவளாண்ட சொல்லிடாத மேஸ்திரி. பெட்ரோல் போற வழில அடைப்புன்னு நீ சொன்ன பாரு, அன்னிலேர்ந்துதான் அங்க பொட்டு வெக்கிறா."

எங்கே வைப்பது

அன்றைக்கு நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். அக்காவிடம் ஏதோ ஸ்க்ரூ லூஸ் என்று புளுகினேன். மத்தியானம் திரும்பும் வழியில் ஷெட்டில் என்னை இறக்கிவிட்டார்கள். அண்ணன் தண்ணீர் பிடிக்கப் போனதும், பின்சீட்டில் படுத்தபடியே அக்கா கூப்பிட்டார்.

"மூடியத் தொடச்சிக்கினு இருந்தியே, கண்ணாடில பார்த்தேன். மூணு வாட்டி நின்னது என் கையாலதானா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உங்க கையால இல்லக்கா, என் வாயால. அடைப்புன்னு சொன்னவன், மூடில காத்துப் போற துளையப் பத்திச் சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். ஊசி போட்ட கையை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்க வெக்கணும்னு நீயே காட்டு மேஸ்திரி. வெக்காதன்னு மட்டும் சொல்லாத."

இத்தனை வருஷம் அடைப்பு எடுப்பது மட்டும்தான் என் வேலை என்று இருந்துவிட்டேன், பொட்டுக்கு இடம் காட்டுவதும் அதில் சேர்த்திதான் போலிருக்கிறது: மூடிக்கு நாலு விரல் தள்ளி.